நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத ராத்திரிகளில் ஜெபிப்பது எப்படி

அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், ரிசல்ட் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அதே மாதம்தான் மணலிப் பக்கம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் வேலையும் முடிந்தது. மறுபடி கூப்பிடுவார்களா மாட்டார்களா, அதற்குப் பதில் இல்லை. அந்த ஒன்பது ராத்திரியும் நான் சரியாகத் தூங்கவில்லை. வடசென்னையில், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கும் சரக்கு ரயில் பெட்டிகள் மோதுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடி முழங்கால் போடுவேன். வாய் "ஆண்டவரே" என்று ஆரம்பிக்கும், மனசு அடுத்த நொடியே அடகு வைத்த வளையலுக்கும் வட்டிக்கும் போய்விடும், அங்கிருந்து அம்மாவின் கழுத்துக்கு, அங்கிருந்து பையனின் காலேஜ் ஃபீஸுக்கு. கடைசியில் ஆமென் சொல்லும்போது, ஆரம்பித்ததைவிட அதிகப் பயத்தோடு எழுந்திருப்பேன்.

"ஜெபம் பண்ணுங்க சிஸ்டர், சமாதானம் வரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் பயத்தில் இருக்கிறவள் எப்படி ஜெபிப்பது, எங்கே உட்கார்ந்து, என்ன வார்த்தை சொல்லி, எவ்வளவு நேரம், இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அதனால் எனக்குக் கைகொடுத்ததை எழுதுகிறேன். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது தேவை என்று நினைக்கிறேன். 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள்: மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம், அந்த வெள்ளத்தோடு எண்ணூர் பக்கம் வீட்டுச் சுவரிலும் படகிலும் ஒட்டிய எண்ணெய், 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா நெடி தாங்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் படுப்பது நமக்குப் பழகின விஷயம். பழகிவிட்டால் பயம் போய்விடும் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் தாளை விரியுங்கள்

"எல்லாக் கஷ்டங்களையும் நீக்கும் ஆண்டவரே" என்று பொதுவாக ஜெபிப்பதை முதலில் நிறுத்துங்கள். அதில் தப்பு இல்லை, ஆனால் பயப்படுகிற மனசுக்கு அது உதவாது. பயம் ஒருபோதும் பொதுவாக வராது. இத்தனை ஆயிரம் ரூபாய், இந்தத் தேதி, இந்த ஸ்கேன் என்று குறிப்பாகத்தான் வரும். ஜெபமும் அதே மாதிரி குறிப்பாகப் போக வேண்டும்.

இதை நான் எசேக்கியா ராஜாவிடம் கற்றுக்கொண்டேன். இரண்டாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். அசீரியா ராஜா சனகெரிப் மிரட்டி ஒரு கடிதம் அனுப்புகிறான்: உன் தேவனை நம்பி ஏமாந்து போகாதே, நான் அழித்த மற்ற ஊர்களைப் பார்த்தாய் அல்லவா என்று. எசேக்கியா அதைக் கையில் வாங்கினான், வாசித்தான், ஆலயத்துக்குப் போனான், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைத்தான். அப்புறம்தான் ஜெபித்தான். இந்தக் கதையைச் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறேன், ஆனால் விரித்தான் என்கிற அந்த ஒரு வார்த்தை அந்த ஒன்பது நாளில்தான் என் கண்ணில் பட்டது.

எங்கள் வீட்டில் ஜன்னல் ஓரம் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. நான்காவது ராத்திரி அதன் மேல் இருந்த துணியை எடுத்துவிட்டு, அம்மாவின் டெஸ்ட் சீட்டை விரித்தேன். மடித்து மடித்து வைத்ததில் நடுவில் கிழிகிற மாதிரி ஆகியிருந்தது. பக்கத்தில் அடகுக்கடை ரசீது. அதற்குப் பக்கத்தில் வீட்டுக்காரரின் பழைய ஐடி கார்டு. காற்றில் பறக்காமல் இருக்க பாபின் டப்பாவை ரசீது மேல் வைத்தேன். தெருவிளக்கு வெளிச்சம் போதுமாக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து, அதில் இருப்பதை அப்படியே வாசித்தேன், கொஞ்சம் சத்தமாக. "ஆண்டவரே, இது அம்மாவோட சீட்டு. ரிசல்ட் வர இன்னும் அஞ்சு நாள் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. பாருங்க." அவ்வளவுதான். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் மனசு ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு ஓடாமல், கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றது. பல நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். வங்கி நோட்டீஸ், ஸ்கூல் ஃபீஸ் சீட்டு, வேலைக்கு அனுப்பிய விண்ணப்பம், எதுவானாலும் சரி. தாள் இல்லாத கவலையா, குடிக்கிற கணவர், பேசாமல் போன பிள்ளை, அப்படியா? ஒரு துண்டுத்தாளில் ஒரே வரியில் எழுதி அதை வையுங்கள். ஒரு விஷயம் முக்கியம்: எசேக்கியா முதலில் கடிதத்தை வாசித்தான். பயந்துகொண்டு பிரிக்காமலே வைத்திருக்கிற கவரை ஜெபத்தில் வைக்க முடியாது. பிரியுங்கள், முழுக்க வாசியுங்கள், எவ்வளவு பணம் எந்தத் தேதி என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாத தொகை தெரிந்த தொகையைவிட எப்போதும் அதிகமாகத்தான் பயமுறுத்தும்.

தாளின் பின்பக்கம் அன்றைய தேதியையும் நீங்கள் கேட்டதையும் எழுதி வையுங்கள். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்று வார்த்தை போதும்

இராயபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இராயப்பர் என்றால் பேதுரு, அந்தப் பெயர்தான் ஊருக்கும் வந்தது என்பார்கள். மீன்பிடிக்கிறவர், தண்ணீரைத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் கடலில் அமிழ்ந்து போகும்போது ஜெபித்தது மூன்றே வார்த்தை: "ஆண்டவரே, என்னை இரட்சியும்." மத்தேயு 14இல் இருக்கிறது. உடனே இயேசு கையை நீட்டிப் பிடித்தார். முன்னுரை எதுவும் அவர் கேட்கவில்லை.

பயம் அதிகமாக இருக்கிற நேரத்தில் நீளமான ஜெபம் செய்யப் பார்க்காதீர்கள். நீளமாகப் பேசினால் நடுவில் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பேதுருவின் வரி, அல்லது எரிகோ ரோட்டில் உட்கார்ந்திருந்த பார்வையற்ற பர்திமேயு கத்தின வரி, "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." அவனைப் பேசாதிரு என்று பலர் அதட்டினார்கள், அவன் இன்னும் அதிகமாகக் கத்தினான். மூச்சை இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி. மெதுவாக. பத்து நிமிடம். நெஞ்சு படபடப்பு குறைவது தெரியும்.

ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது வீண் வார்த்தை ஆகாதா என்று சபையில் ஒரு அக்கா கேட்டார்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். கேட்டால் கிடைக்கும் என்கிற கணக்கில் அடுக்குவது வேறு, அடிபட்ட குழந்தை அம்மா அம்மா என்று அழுவது வேறு. எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் 53 மணி ஜெபமாலை சொல்கிறார்கள். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மணியை உருட்டுகிறபோது அவர்கள் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் மனசு நிற்கிறது.

கோபமாக இருந்தால் கோபமாகவே பேசுங்கள்

இதைச் சொல்ல நிறைய பேர் தயங்குகிறார்கள், நான் தயங்கப் போவதில்லை. சங்கீதம் 13ஐ எடுத்து வாசியுங்கள், ஆறே வசனம்தான். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தேவனிடமே கேட்கிறான் தாவீது. சங்கீதம் 88 இன்னும் கனமானது, கடைசி வசனம் வரைக்கும் விடியவே இல்லை. இவையெல்லாம் வேதத்தில் ஜெபமாகத்தான் இருக்கின்றன, பாவமாக இல்லை.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அவர் வீட்டுக்காரர் விசைப்படகுத் தொழிலாளி, அதனால் அந்த 61 நாளும் கடன் ஏறுகிற நாள். அரசாங்கம் கொடுக்கிற நிவாரணப் பணம் எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. ஒரு வருஷம் மே மாதத்தில் அந்த அக்கா சொன்னார்கள், "நான் கர்த்தர்கிட்ட சண்டை போட்டேன். சண்டை போட்ட ராத்திரிதான் தூங்குனேன்." எனக்கு அது புரிந்தது. மனசில் முறைப்பும் வாயில் ஸ்தோத்திரமுமாக உட்கார்ந்தால் அது ஜெபம் ஆகாது, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற மௌனம் மாதிரி ஆகிவிடும். முதலில் இருக்கிறதைச் சொல்லிவிடுங்கள். அவர் அதைக் கேட்டு ஓடிப்போகிறவர் அல்ல.

கடலை நம்பி வாழ்கிற வீடுகளுக்கு நான் எப்போதும் சொல்கிற பகுதி சங்கீதம் 107, 23ஆம் வசனத்திலிருந்து 30 வரைக்கும். கப்பலேறிப் போனவர்கள், அலை மேலே தூக்கிக் கீழே போடுகிறது, அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது என்று எழுதியிருக்கும். தொழில் தெரிந்தவனுக்குத் தொழிலே கைவிடுகிற அந்த நிமிடம். ராத்திரி படகு கரைக்கு வராத நேரத்தில் வார்ப்பில், அதாவது படகுத்துறையில், காத்திருக்கிற பெண்கள் இதைச் சத்தமாக வாசிக்கலாம், "தாங்கள் நாடின துறைமுகத்தில்" என்கிற இடம் வருகிறவரைக்கும் நிறுத்தாமல்.

அறைவீடு இல்லாதவர்கள் எங்கே போவது

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்னார். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் எந்தக் கதவைப் பூட்டுவது? ஹவுசிங் போர்டு வீடுகளில் எத்தனையோ பெண்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள், கேட்கிறபோது குற்ற உணர்ச்சியோடு கேட்கிறார்கள். அப்படி வேண்டாம்.

என் ஆயா கொருக்குப்பேட்டையில் வாழ்ந்தது. பத்துக்குப் பத்து வீடு, ஏழு பேர். ஆயாவுடைய அறைவீடு அடிபம்புதான். விடியற்காலை நாலரைக்கு மெட்ரோ தண்ணீர் வருகிற நேரத்தில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, ஒரு அடிக்கு ஒரு பேர் சொல்லும். மூத்தவன், அடி. அவன் பொண்டாட்டி, அடி. சின்னப் பேத்தி, அடி. பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண், அடி. ஒரு குடம் நிறையும்போது தெருவில் பாதிப் பேருக்கு ஜெபம் ஆகியிருக்கும். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பம்பின் கைப்பிடி பட்டுப் பட்டு ஆயாவின் வலது உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது, நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போயிருக்கிறேன். அந்தக் காய்ப்பு என் விரலில் உரசுவது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் இடம் தேடி அலையாதீர்கள், ஏற்கெனவே தினமும் போகிற இடத்தைப் பிடியுங்கள். மாடிப்படி, மொட்டை மாடி, துணி காயப்போடுகிற நேரம், பஸ்ஸில் ஜன்னல் சீட். ஆண்கள் ஷிப்ட் முடிந்து பைக்கை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பகலில் திறந்திருக்கிற ஆலயம் பக்கத்தில் இருந்தால் அதுவும் நல்லது. பெரம்பூர் லூர்து மாதா கோயில், பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயில், இங்கெல்லாம் எந்த மதத்துக்காரரும் வந்து ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறார்கள், அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம்.

நேரம்? "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" முறையிடுவேன் என்று சங்கீதம் 55 சொல்கிறது. நான் மூன்று வேளையையும் சாப்பாட்டோடு கட்டிவிட்டேன். அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு வரி. அவ்வளவுதான். அரைமணி நேரம் ஜெபிக்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்து மூன்றாம் நாள் விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்றைக்கு மட்டும்

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்கிறோம். இன்று. மாத பட்ஜெட் இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னா என்கிற ஆகாரத்தை நாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறிப்போனது. இதை நான் இருபது வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தேன், செய்யத்தான் தெரியவில்லை.

செய்கிற முறை இது. தையல் மெஷின் மேல் விரித்த தாள்களை இரண்டாகப் பிரியுங்கள். இன்றைக்கு நான் ஏதாவது செய்ய முடிகிறது ஒரு பக்கம், இன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாதது இன்னொரு பக்கம். அம்மாவின் ரிசல்ட் இன்னும் ஐந்து நாள் கழித்துத்தான் வரும், இன்றைக்கு நான் முட்டி மோதினாலும் வராது. அது அந்தப் பக்கம். அடகுக்கடைக்காரரிடம் போய் வட்டிக்கு ஒரு வாரம் தவணை கேட்கலாம், அது இந்தப் பக்கம். அந்தப் பக்கத்துத் தாள்களை ஒரு கவரில் போட்டு வேதப்புத்தகத்துக்குள் வைத்து, "இது இன்னைக்கு உங்க கையில" என்று சொல்லி மூடினேன். இந்தப் பக்கத்துக்குத் தைரியம் கேட்டேன். அடுத்த நாள் கடைக்குப் போனேன், தவணை கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் போய்க் கேட்டது கேட்டதுதான், ராத்திரி அதை மறுபடி மென்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

ராத்திரி ஒன்பதுக்கு மேல் போனில் செய்தி பார்ப்பதை நிறுத்துவதும் இதில் சேர்த்திதான். மிக்ஜாம் வந்தபோது, கரண்ட் இல்லாத ராத்திரியில், பவர்பேங்கில் இருந்த கடைசிச் சார்ஜையும் யாரோ அனுப்புகிற வீடியோக்களைப் பார்த்தே தீர்த்தோம். எந்த ஏரி உடையும், எந்தக் கூண்டு ஏற்றினார்கள், இதில் பாதி வேறு வருஷத்து வீடியோ. தண்ணீர் வாசற்படிக்கு வந்தபோது போன் செத்துவிட்டது. தெரிய வேண்டியதை ஒரு தடவை தெரிந்துகொண்டு, வைக்க வேண்டிய சாமானைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, அப்புறம் ஜெபித்துவிட்டுப் படுங்கள். இயேசுவும் படகில் புயல் அடிக்கும்போது தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். சீஷர்கள் அவரை எழுப்பி "உமக்குக் கவலையில்லையா" என்று கேட்டதும் எழுதியிருக்கிறது. நம் ராத்திரிகளில் இரண்டும்தான் நடக்கிறது.

வாக்குத்தத்த வசனம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கார்டு வாங்கி சுவரில் ஒட்டுகிறோம், அதில் எரேமியா 29:11 அடிக்கடி வரும், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. அதே கடிதத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்றும் இருக்கிறது. கார்டை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த வாரம் நடக்கும் என்று காத்திருந்து உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

ஸ்தோத்திரம் சொல்வது

பிலிப்பியர் 4:6இல் பவுல் விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடே சொல்லச் சொல்கிறார், அதுவும் சிறையில் கட்டுண்டு இருந்துகொண்டு. கட்டிக்காக நன்றி சொல்ல வேண்டும் என்று அர்த்தம் இல்லை. என்னால் அது முடியாது, முடிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். அன்றைக்கு உண்மையாகவே கிடைத்த மூன்றை மட்டும் சொல்லுங்கள், சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. கியூவில் அம்மாவுக்கு நாற்காலி கொடுத்த பையன். கடைசிக் குடம் நிறைகிற வரைக்கும் நிற்காத தண்ணீர். பையன் கேட்காமலே பாத்திரம் தேய்த்தது.

தனியாகச் சுமக்காதீர்கள், ஆனால் யாரிடம் என்று பாருங்கள்

ஒருவர் போதும். வாரம் ஒரு நாள் போனில் பத்து நிமிடம், நீங்கள் சொல்ல அவர் ஜெபிக்க, அவர் சொல்ல நீங்கள் ஜெபிக்க. அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்கள் கதையை உங்களிடம் "ஜெபக் குறிப்பு" என்று சொல்கிறவர், உங்கள் கதையையும் அப்படியே கொண்டுபோவார். அவர் வேண்டாம். கேட்டுவிட்டு உடனே புத்தி சொல்லாமல் சும்மா இருக்கத் தெரிந்தவர் யாரோ அவர்தான்.

காணிக்கை அனுப்பினால் அற்புதம் நடக்கும், இந்த எண்ணெயை வாங்கித் தடவினால் கட்டி கரையும் என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். எங்களிடமும் ஒருவர் சொன்னார், பேர் வேண்டாம். "உங்க விசுவாசம் போதல" என்றும் அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. பேதுரு அமிழ்ந்தபோது இயேசுவும் அற்பவிசுவாசியே என்று சொன்னார்தான், ஆனால் கையைப் பிடித்துத் தூக்கிய பிறகு சொன்னார். அந்த வரிசை மாறக்கூடாது.

இன்னொன்று. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்துகொண்டு, போதும் கர்த்தாவே என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். அவர் சாப்பிட்டுத் தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்கு அப்புறம்தான் மலை, அங்கே தேவன் பேசின மெல்லிய சத்தம் எல்லாம். நீங்கள் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் ஜெபத்தை நீட்டிக்கொண்டே இருக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தேவதூதன் கொண்டுவந்த அடையையும் தண்ணீரையும் எலியா வேண்டாம் என்று சொல்லவில்லை.

சமாதானம் எப்படி வந்தது

பெரிய வெளிச்சம் மாதிரி வரவில்லை. ஒன்பதாம் நாள் ரிசல்ட் வந்தது, நல்ல ரிசல்ட் இல்லை. டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். முந்தின மாதத்து நானாக இருந்திருந்தால் முதல் வார்த்தையிலேயே காது அடைத்திருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பையிலிருந்து பேனா எடுத்து எழுதினேன், எத்தனை தடவை வர வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா, அம்மா என்ன சாப்பிடலாம் என்று வரிசையாகக் கேட்டேன். கை நடுங்கியது, ஆனால் எழுதியது. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்கிறார் பவுல். காத்துக்கொள்ளும் என்கிற அந்த வார்த்தை மூலமொழியில் காவல்காரன் வாசலில் நிற்கிற காவலைச் சொல்லும் வார்த்தை. உள்ளே அழுகை இருந்தது, வாசலில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரிகிறது.

தாளின் பின்பக்கம் தேதி எழுதச் சொன்னேனே. அந்தக் கவர் இப்போது தடித்துவிட்டது. சிலவற்றில் கேட்டது கிடைத்தது என்று பச்சை மையில் எழுதியிருக்கிறேன். சிலவற்றில் கேட்டது கிடைக்கவில்லை, வேறு ஒன்று நடந்தது, அதையும் எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரரின் ஐடி கார்டுக்குப் பின்னால் ஒட்டிய துண்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. இப்போது கிடைக்கிற லோடு வேலைக்குப் போகிறார். அம்மாவுக்கு நான்காவது தடவை மருந்து ஏற்ற வருகிற புதன்கிழமை போக வேண்டும். பக்கத்துப் படுக்கையில் இருக்கிற புழல் பெண்ணுடைய பிள்ளைகளின் பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு, அம்மாவே இப்போது அவர்களுக்காக ஜெபிக்கிறார். நேற்று பையனின் செமஸ்டர் ஃபீஸ் சீட்டு வந்தது. மெஷின் மேல் இருந்த பாவாடைத் துணியை ஓரமாக நகர்த்திவிட்டு, அதை விரித்து, மேலே பாபின் டப்பாவை வைத்தேன்.